இரண்டு மீட்டர் வீடு

குணசுந்தரிக்குக் குழம்பு வைக்கத் தெரியாது. மீனைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்தால் அது வலையில் விழுந்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்று சொல்லிவிடுவாள். பழவேற்காடு மார்க்கெட்டில் அவளிடம் பேரம் பேசி ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஆள் இன்னும் பிறக்கவில்லை. அதே மீன் சட்டிக்குள் போய்விட்டால் மட்டும் அவளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு நாள் புளி தூக்கலாக இருக்கும், மறுநாள் உப்பு போட மறந்திருக்கும், மூன்றாம் நாள் மீன் கரைந்து முள் மட்டும் மிஞ்சியிருக்கும்.

இதை அவள் புருஷன் உலகநாதனிடம் போய்ச் சொன்னால் சொன்னவரை அடிக்க வருவான். பதினோரு வருஷமாகப் படகுத்துறையில் அவன் பேசுகிற பேச்சில் பாதி, பெண்டாட்டியின் கைப்பக்குவத்தைப் பற்றியதுதான். "எங்க வூட்டு மடவ மீன் கொயம்ப ஒரு நாள் துன்னு பாரு, அப்புறம் சொல்லு" என்பான். அதோடு விட மாட்டான். "அந்தாண்ட வூட்ல வெக்கிறதெல்லாம் கொயம்பா?" என்று அடுத்த பாதியையும் இழுப்பான். அந்தாண்ட வீடு என்பது அவன் தம்பி கண்ணப்பனுடைய வீடு. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே கதவு எண்ணில் இருந்தன. சட்டியும் ஒன்றுதான் என்பது அந்த மனுஷனுக்குத் தெரியாது.

கோட்டைக்குப்பத்துக்கு அடுத்து ஏரியைப் பார்த்தாற்போல இருக்கிற சின்னக் குப்பம் அது. சுனாமிக்குப் பிறகு குடும்பத்துக்கு ஒன்று என்று கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடுகளில் ஒன்று, அண்ணன் தம்பியின் தகப்பன் சுப்பன் பெயருக்கு வந்தது. சுப்பன் போன பிறகு அண்ணனும் தம்பியும் அதைக் குறுக்கே பிரித்துக்கொண்டார்கள். தெருவைப் பார்த்து ஆளுக்கொரு வாசல் வைத்தார்கள். பழைய சமையலறை தம்பி பக்கம் போனதால், அண்ணன் பின்னால் ஷீட்டு போட்டு ஒரு சமையலறை இறக்கினான். வீட்டுக்குள்ளே ஒரு பாதிக்கும் இன்னொரு பாதிக்கும் நடுவில் இருந்த கதவை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். அப்போது சண்டை இல்லை.

தனித்தனியாகப் பிரிந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. இறால் ஓடுகிற நல்ல இடங்களுக்குக் குப்பத்தில் முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு உன் பாடு என்றால் அந்த இடம் இன்றைக்கு உனக்கு. தவறவிட்டால் அடுத்தவனுக்குப் போய்விடும், திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். யார் யாருக்குப் பாடு என்பது தலைக்கட்டுக் கணக்கு. இந்தக் குப்பத்தில் கல்யாணம் ஆனால் மட்டும் தலைக்கட்டு ஆகிவிட முடியாது, தனியாக உலை வைக்க வேண்டும். ஒரே சட்டியில் தின்கிற அண்ணன் தம்பி எத்தனை பேர் இருந்தாலும் ஒரு தலைக்கட்டுதான்.

சரி, யார் தனி உலை வைக்கிறார்கள் என்று யார் போய் அடுப்பை எட்டிப் பார்ப்பது? அது அசிங்கமான வேலை. அதனால் குப்பம் தனக்குத் தெரிந்த வழியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. கண்ணப்பன் தன் பெயரில் தனி மீட்டர் வாங்கி வாசலில் மாட்டிய அன்றைக்குத் தலைவர் மாசிலாமணி வந்து அதைப் பார்த்தார், தலையை ஆட்டினார், அவன் பெயரைப் பாடு பட்டியலில் சேர்த்தார். அதற்குப் பிறகு பிரிந்த குடும்பங்களெல்லாம் முதல் காரியமாக மின்சார ஆபீசுக்குத்தான் ஓடின. தனி மீட்டர் இருந்தால் தனி உலை. சர்க்காரே ஒத்துக்கொண்ட பிறகு குப்பம் மறுக்க முடியுமா? மின்சார ஆபீசுக்கு உலையும் தெரியாது, பாடும் தெரியாது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

மீட்டர் வந்த அடுத்த வருஷம் சண்டை வந்தது. கண்ணப்பனுடைய பாடு வந்த நாளில் அவன் மனைவி சத்யாவுக்கு வலி எடுத்தது. அவளைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். தம்பியின் முறை வீணாகப் போகக்கூடாதே என்று உலகநாதன் தன் வலையை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் கட்டினான். நல்ல இறால் விழுந்தது. அதை விற்ற காசைத் தம்பியிடம் கொடுக்கத்தான் வைத்திருந்தான். ஆனால் கொடுப்பதற்குள், "ஒன் பாட்ட உங்க அண்ணன் துன்னுட்டான்" என்று எவனோ பொன்னேரி பஸ் ஸ்டாண்டிலேயே கண்ணப்பன் காதில் ஊதிவிட்டான். பெண் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் வந்திருக்க வேண்டியவன், நடுத்தெருவில் நின்று, "எம் பாட்ட துன்னுட்டியே, நல்லா இருப்பியா?" என்று கேட்டான். உலகநாதனுக்கு வந்த கோபத்தில் அவனும் நடுத்தெருவில் நின்று பதில் சொன்னான்: "இனிமே ஒன் வூட்டுச் சோறு ஒரு பருக்க என் வாயில பட்டா, நான் நைனாவுக்குப் பொறக்கல."

அன்றைக்கே நடுக்கதவுக்கு இந்தப் பக்கம் அவன் ஒரு தாழ்ப்பாள் அடித்தான். அந்தப் பக்கம் கண்ணப்பன் ஒன்று அடித்தான். இரண்டு ஆம்பளைகளும் தங்கள் கடமை முடிந்தது என்று ஏரிக்குப் போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகு குணசுந்தரி தன் பக்கத்துத் தாழைத் திறந்து கதவைத் தட்டினாள். பிள்ளை பெற்று மூன்று நாள் ஆன உடம்போடு சத்யா எழுந்து வந்து தன் பக்கத்துத் தாழைத் திறந்தாள். அவளுக்குப் பத்தியச் சோறு வடித்துக் கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள்? நாற்பது நாள் குணசுந்தரிதான் இரண்டு வீட்டுக்கும் பொங்கினாள். நாற்பத்தோராம் நாள் சத்யா அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, "அக்கா, கோவிச்சுக்காத. ஒரு மாசமா நான் மருந்துன்னு நெனச்சிதான் முழுங்கனேன். நீ மார்க்கெட்ட பாரு, நான் அடுப்ப பாக்கறேன்" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அண்ணனும் தம்பியும் விடியற்காலையில் மீனை வீட்டில் போட்டுவிட்டு மறுபடி ஏரிக்குப் போனதும், இரண்டு பேர் பிடித்ததும் குணசுந்தரியின் அன்னக்கூடையில் ஒன்றாக ஏறி மார்க்கெட்டுக்குப் போகும். குழம்புக்கான மீனை மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் போவாள். சத்யா கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சட்டியில் குழம்பு கூட்டுவாள். உலகநாதன் உச்சிவேளைக்குக் கரையேறுவான், கண்ணப்பன் அதற்கு ஒரு மணி நேரம் கழித்து. அதற்குள் சட்டியிலிருந்து பாதி, நடுக்கதவு வழியாக இந்தப் பக்கம் வந்துவிடும். குழம்பு திடீரென்று ருசித்ததைப் பெண்டாட்டிக்கு ஒருவழியாகக் கைப்பக்குவம் வந்துவிட்டது என்று உலகநாதன் எடுத்துக்கொண்டான். ஆம்பளைகள் வீட்டில் இருக்கும்போது இரண்டு தாழும் போட்டிருக்கும்.

பதினோரு வருஷம். குணசுந்தரி தன் மகளைக் கட்டிக் கொடுத்தாள், சத்யாவின் மகள் ஆறாம் வகுப்புக்குப் போனாள், சட்டி மூன்று தடவை மாறியது. புருஷன் விரலை நக்கிக்கொண்டே, "ஒன் கை மணம் யாருக்கும் வராது மே" என்று சொல்லும்போதெல்லாம் குணசுந்தரிக்கு உள்ளே ஏதோ குத்தும். தன்னைத் தவிர வேறு யாரையோ கொஞ்சுகிற மாதிரி இருக்கும். ஆனாலும் சிரித்துக்கொள்வாள். மார்க்கெட்டிலிருந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்து, சத்யா குழம்பு தாளிக்கிற நேரத்தில் அவளோடு ஊர்க்கதை பேசுகிற அந்த முக்கால் மணி நேரம்தான் அவளுடைய நாள். மற்றதெல்லாம் பிழைப்பு.

இந்த வருஷம் ஆடியில் மீட்டர் ரீடிங் எடுக்கப் புதிதாக ரஞ்சித்குமார் என்றொரு பையன் வந்தான். பழைய ஆள் மாதிரி எண்ணை எழுதிக்கொண்டு நடையைக் கட்டவில்லை. ஒரே கதவு எண்ணில் இரண்டு மீட்டர் இருக்கிற வீடுகளையெல்லாம் தனியாகக் குறித்துக்கொண்டான். ஒரு வாரம் கழித்து உதவிப் பொறியாளரே நேரில் வந்தார். பெனிட்டா என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும், வெயிலில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தாலும் குரலில் தெரியவில்லை. வந்தவருக்கு மரியாதையாகத் தலைவர் மாசிலாமணியும் கூடவே வந்தார்.

"ஒரு வீட்டுக்கு ஒரு கனெக்ஷன்தான்" என்றார் பெனிட்டா. "மொதல் நூறு யூனிட் இலவசம்னு, ஒரே குடும்பம் ரெண்டு மூணு மீட்டர் வாங்கி வெச்சுக்கறாங்க. அதனால ஒவ்வொரு வீடா பாத்துட்டு வர்றோம். ஒரே குடும்பம்னா ரெண்டையும் ஒண்ணா சேத்துடுவோம்."

"நாங்க ஒரே குடும்பமா?" உலகநாதன் கேட்டான்.

"அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கெடயாது மேடம். ஊர கேளுங்க" என்றான் கண்ணப்பன் தன் வாசலில் இருந்து. பதினோரு வருஷத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே பக்கம் நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

"பேசறீங்களா இல்லயாங்கறது எங்க கணக்குல வராது. தனித்தனி வாசல் இருக்கணும், தனித்தனி சமையலறை இருக்கணும், உள்ளுக்குள்ள வழி இருக்கக் கூடாது. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே வந்தார். நடுக்கதவைப் பார்த்ததும் நின்றார். "அது பூட்டித்தான் கெடக்குது" என்றான் உலகநாதன், வாசலில் நின்றபடியே.

பெனிட்டா தாழ்ப்பாளின் மேல் விரலை வைத்தார். ஏரிக்காற்று உப்புக்காற்று. இங்கே புழங்காத இரும்பு ஒரே மாதத்தில் செம்மண் மாதிரி உதிர ஆரம்பித்துவிடும். இந்தத் தாழ்ப்பாள் தினமும் இழுத்து இழுத்து வெள்ளி மாதிரி மின்னியது. பெனிட்டா தன் விரலைப் பார்த்தார், பிறகு குணசுந்தரியைப் பார்த்தார். குணசுந்தரி கதவை மறைத்தாற்போல வந்து நின்றாள். நல்ல வேளை, ஆம்பளைகள் இருவரும் வாசலில் நின்று எதிரெதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷீட்டுப் போட்ட சமையலறைக்குள் வந்து அவர் அடுப்பைப் பார்த்தார். துருவேறிய பர்னர், மேலே ஒரு டீச்சட்டி.

"இதுலதான் சமைக்கறீங்களாம்மா?"

"டீ போடுவோம் மேடம்."

"டீ மட்டுமா?"

குணசுந்தரி டீச்சட்டியை எடுத்துக் கீழே வைத்தாள். பெனிட்டா அடுப்பிலிருந்து திரும்பினார். "அடுப்பு எரியுதா இல்லையான்னு பாக்கறது என் வேலை இல்ல. ஆனா கதவு இருக்கற வரைக்கும் இது ஒரே வீடு. பதினஞ்சு நாள் டைம் தர்றேன். கதவ எடுத்துட்டு செவுரு வெச்சிடுங்க. இல்லன்னா ஒரு மீட்டர கழட்டிடுவோம்" என்று சொல்லி ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போனதும் மாசிலாமணி மெதுவாகக் கண்ணப்பனிடம் சொன்னார்: "மீட்டர் போச்சின்னா எனக்கு வேற வழி இல்லப்பா. நாளைக்கி நாலு பேரு கேப்பான். பட்டியல்ல ஒன் பேர அடிச்சித்தான் ஆவணும்."

மறுநாள் உச்சிவேளைக்கு முன் நடுக்கதவு திறந்தது. சத்யா அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, ஒண்ணா இருக்கோம்னு சொல்லிடலாமா?" என்றாள்.

"சொன்னா?"

"மீட்டர் போவும்."

"மீட்டர் போனா பாடு போவும். பாடு போனா ஒன் வூட்டுக்காரன் இன்னா பண்ணுவான்? கும்மிடிப்பூண்டி கம்பெனில வாட்ச்மேன் வேலைக்குப் போவானா? தண்ணியில பொறந்தவன்டி." குணசுந்தரி மூச்சு விடாமல் சொன்னாள். "செவுருதானே? வெக்கட்டும். செவுரு வெச்சா வாய மூடிடுமா?"

"கொயம்பு?"

அங்கேதான் குணசுந்தரியின் வீரம் நின்றது. சுவர் வந்துவிட்டால் சட்டி இந்தப் பக்கம் வர முடியாது. தெரு வழியாகத் தூக்கிக்கொண்டு வந்தால், ஒரே உலைதான் என்று ஊருக்கே பறையடித்த மாதிரி ஆகிவிடும். அவள்தான் பொங்க வேண்டும். முதல் கவளத்திலேயே உலகநாதனுக்குத் தெரிந்துவிடும். பதினோரு வருஷமாக ஏமாற்றியவள் என்று தெரியும், தகப்பன் பெயரில் வைத்த சத்தியத்தை அவனுக்கே தெரியாமல் தினமும் உடைக்க வைத்தவள் என்றும் தெரியும். அவன் கை நீட்டுகிறவன் இல்லை. பேசாமல் இருந்துவிடுவான். தம்பியோடு பதினோரு வருஷம் பேசாமல் இருந்தவனுக்குப் பெண்டாட்டியோடு பேசாமல் இருக்கத் தெரியாதா? அதை நினைக்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சுவர் வரும்வரை தினமும் சத்யா அவளுக்குச் சமையல் சொல்லிக் கொடுத்தாள். "புளி எவ்ளோடி?" என்றால் "கண்ணால பாருக்கா" என்பாள். "எந்நேரம் கொதிக்கணும்?" என்றால் "வாசன மாறும்போது எறக்கிடணும்" என்பாள். குணசுந்தரிக்குக் கண்ணும் மூக்கும் மார்க்கெட்டில் வேலை செய்த அளவுக்கு அடுப்படியில் வேலை செய்யவில்லை. ஒரு நாள் சத்யா ருசி பார்த்துவிட்டு நேராகப் போய்த் தண்ணீர் குடித்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது சத்யாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. அது சிரிப்பால் வந்தது இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பதினான்காம் நாள் சாப்பாடு முடிந்த பிறகு, வயல்காட்டுப் பக்கத்து ஊரிலிருந்து பால்ராஜ் என்கிற கொத்தனார் வந்தார். கதவைச் சட்டத்தோடு பெயர்த்து எடுத்தார். "இது யாருக்கு?" என்று கேட்டார். "அவங்களுக்கே குடுத்துடுங்க" என்றான் கண்ணப்பன். "எனக்கு வாணாம், அவன்கிட்டயே குடு" என்றான் உலகநாதன். பால்ராஜ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக் குளியலறைக்குக் கதவு இல்லை என்று சொல்லி வண்டியில் ஏற்றிக்கொண்டார். கதவு இல்லாத அந்த வழி இரண்டு வீட்டையும் ஒரே வீடாகக் காட்டியது. உலகநாதன் நின்ற இடத்திலிருந்து தம்பியின் அடுப்படி தெரிந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆள் உயரத்துக்கு மேல் சுவர் வந்ததும் பால்ராஜுக்கு அந்தப் பக்கம் பலகையைத் தாங்க ஒரு ஆள் தேவைப்பட்டது. கண்ணப்பன் பிடித்தான். இந்தப் பக்கம் உலகநாதன் செங்கல் எடுத்துக் கொடுத்தான். பால்ராஜ் கலவை போடக் கீழே இறங்கிய நேரத்தில் பலகை சாய்ந்தது.

"மேல தூக்கு" என்றான் உலகநாதன், யாரிடம் சொல்கிறோம் என்று யோசிப்பதற்கு முன்பே.

அந்தப் பக்கம் பலகை ஒரு சாண் ஏறியது. பிறகு, "போதுமா?" என்று கேட்டது.

"இன்னும் கொஞ்சம்."

அவ்வளவுதான் பேச்சு. சுவர் மேலே மூடிக்கொண்டது. பதினோரு வருஷத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்த முதல் வேலை, இரண்டு பேருக்கும் நடுவில் சுவர் எழுப்பியதுதான். இந்த ஆம்பளைகளை என்னவென்று சொல்வது என்று குணசுந்தரி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாளே பெனிட்டா வந்தார். ஈரம் காயாத சுவரைத் தட்டிப் பார்த்தார், இரண்டு வாசலையும் இரண்டு அடுப்பையும் பார்த்தார். இந்தப் பக்கத்து அடுப்பில் புது பர்னர் போட்டிருந்தது, மேலே குழம்புச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. "சரி, ரெண்டு குடும்பம். ரெண்டு மீட்டரும் இருக்கட்டும்" என்று காகிதத்தில் எழுதிவிட்டு, போகும்போது குணசுந்தரியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். மாசிலாமணிக்கு மனசு லேசாகிவிட்டது. கண்ணப்பனின் பாடு தப்பித்தது.

அன்றைக்கு உச்சிவேளைக்கு உலகநாதன் வந்து உட்கார்ந்தான். குணசுந்தரி சோறு போட்டு, குழம்பை ஊற்றிவிட்டுச் சுவரோரமாக நின்றாள். அவன் ஒரு கவளம் எடுத்தான், நிறுத்தினான். இன்னொரு கவளம் எடுத்தான்.

"இன்னா மே இது? ஒடம்பு சரியில்லயா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப கொயம்பு ஏன் இப்டி கீது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. பதினோரு வருஷப் பொய்யைத் தூக்கிக்கொண்டு நடந்ததில் அவள் களைத்துப் போயிருந்தாள். "இதுதான்யா என் கொயம்பு" என்றாள். "இத்தினி நாளா நீ துன்னது சத்யா வெச்சது."

அவன் கை தட்டிலேயே நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை பெற்ற பெண்ணை விட்டுவிட முடியாமல் தாழைத் திறந்ததையும், கரண்டி கைமாறியதையும், இரண்டு வீட்டு மீனும் ஒரே கூடையில் போனதையும் சொன்னாள்.

உலகநாதன் சோற்றைப் பார்த்துக்கொண்டே, "நைனா பேர்ல சத்தியம் பண்ணேன் மே" என்றான்.

"பண்ண. தெனம் ஒடச்ச. பதினோரு வருசம் ஆச்சி, ஒனக்கு இன்னா ஆச்சி? நைனா வந்து கேட்டாரா? நம்ம மீட்டர்ல இன்னும் அவுரு பேருதான் கீது, அதுவும் நல்லாத்தான் ஓடுது." கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "பாட்ட துன்னுட்டன்னு அவன் சொன்னான். அவன் சோத்த துன்ன மாட்டேன்னு நீ சொன்ன. நீங்க சொன்னத சொல்லிட்டு ஏரிக்குப் போயிட்டீங்க. ரெண்டு வூட்டுக்கும் உல வெக்கறது யாரு?"

"கண்ணப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவன் தட்டில் இருந்த சோற்றைக் கடைசிப் பருக்கை வரை தின்றான். கையைக் கழுவினான். அன்றைக்கு முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. குணசுந்தரி எதற்குப் பயந்தாளோ அது வந்துவிட்டது என்று நினைத்தாள். புதுச் சுவரில் காதை வைத்தால் அந்தப் பக்கம் சத்யா பாத்திரம் கழுவுவது கேட்டது. முன்பென்றால் எழுந்து போய் அவளிடம் கொட்டியிருப்பாள்.

மறுநாள் அவன் கரையேறி வந்தான். குளித்தான், வெள்ளை வேட்டி கட்டினான், தம்பி கரையேறி வரும்வரை காத்திருந்தான். குணசுந்தரி தட்டை எடுத்து வைக்கப் போனபோது, "இரு" என்று சொல்லிவிட்டு வாசலில் இறங்கினான். உச்சிவெயிலில் தெரு முழுக்க ஆள் இருந்தது. எதிர்ப்பக்கம் வேப்பமர நிழலில் மாசிலாமணி வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாலைந்து பேர். உலகநாதன் பத்தடி நடந்து தம்பியின் வாசலில் போய் நின்றான்.

குணசுந்தரி ஓடிவந்து கதவோரம் நின்றாள். இவன் என்ன செய்யப் போகிறான்? சுவர் வைத்துக் காப்பாற்றிய பாட்டை வாயால் கெடுத்துவிடுவானோ என்று அவளுக்கு உயிரே இல்லை.

"கண்ணப்பா" என்று உலகநாதன் கூப்பிட்டான்.

கண்ணப்பன் சாப்பாட்டுக்குக் கை கழுவின ஈரத்தோடு வெளியே வந்தான். தெருவில் பேச்சு நின்றது.

"பதினோரு வருசமா ஒன் வூட்டுச் சோத்த தெரியாம துன்னுகினு இருந்துக்கீறேன்" என்றான் உலகநாதன். குரலைத் தாழ்த்தவில்லை. சத்தியத்தைத் தெருவில் வைத்தவன் அதைத் தெருவில்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ. "இன்னிக்குத் தெரிஞ்சி துன்ன வந்துக்கீறேன். போடுவியா?"

கண்ணப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி உள்ளே சத்யாவைப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் அவனுக்குப் புரிய ஆரம்பித்தது.

குணசுந்தரியின் கண் மாசிலாமணி மேலேயே இருந்தது. அவர் வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "எங்களுக்கு மூக்கு இல்லன்னு நெனச்சிங்களாய்யா?" என்றார். "அந்த வூட்ல ஒரு பக்கந்தான் கொயம்பு வாசன வரும்னு தெருவுக்கே தெரியும். ரெண்டு மீட்டர் ஓடுச்சி, நாங்க மீட்டர பாத்தோம். இப்பதான் செவுரும் கீது, ரெண்டு அடுப்பும் கீது. விருந்துக்குப் போறவன எந்தப் பட்டியல்லயும் அடிக்க மாட்டாங்க. போய் துன்னு, ஆறிடப்போவுது."

கண்ணப்பன் இன்னும் வாசற்படியில்தான் நின்றிருந்தான். "அன்னிக்கி அந்த எறா காச..." என்று ஆரம்பித்தான்.

"ஒனக்குக் குடுக்கத்தான் வெச்சிருந்தேன்டா."

"எனக்குத் தெரியும். அடுத்த நாளே தெரிஞ்சிடுச்சி. அப்புறம் எப்டி வந்து சொல்றதுன்னுதான் தெரியல" என்றான் கண்ணப்பன். அவன் வழியை விட்டு ஒதுங்கி நின்றான். உலகநாதன் குனிந்து உள்ளே போனான்.

குணசுந்தரி தன் வாசலில் தனியாக நின்றாள். புதுச் சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது, இரண்டு தட்டு. பிறகு கண்ணப்பனுடைய குரல், சத்யாவிடம், "அண்ணிய கூப்புடு" என்றது. சத்யா பழக்கத்தில் நேராக நடுச்சுவருக்கு வந்துவிட்டாள் போலிருக்கிறது, செங்கல் மேல் அவள் கை தட்டியது கேட்டது. அங்கே கதவு இல்லை என்று அவளுக்கு ஞாபகம் வர ஒரு நிமிஷம் ஆயிற்று.

"அக்கா," சுவருக்குள்ளிருந்து குரல் வந்தது, "சுத்திகினு வா."

குணசுந்தரி அடுப்பை அணைத்தாள். தான் வைத்த குழம்பைச் சட்டியோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மோசமான குழம்புதான், ஆனாலும் விருந்துக்கு வெறுங்கையோடு போவதா? தெருவே பார்த்துக்கொண்டிருக்க, கண்ணீரைத் துடைக்கக் கை இல்லாமல், அந்தப் பத்தடியையும் அழுதுகொண்டே நடந்தாள்.